வலையில் சிக்கிய கடலாமை: அங்கேயே விடுவதா, படகில் வைத்திருப்பதா, கரைக்குக் கொண்டுவருவதா?

பங்குனி ஆமைகள் முட்டையிடுவதற்காகச் சோழமண்டலக் கரையை நெருங்கும் டிசம்பர் முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களில், கடலோர வாசகர்களிடமிருந்து ஒரே கேள்வி பல வடிவங்களில் வருகிறது. வலையை இழுக்கும்போது ஆமை சிக்கியிருந்தால் அந்த இடத்திலேயே கண்ணியை அறுத்து விட்டுவிடுவதா, படகில் ஏற்றிச் சிறிது நேரம் வைத்திருப்பதா, வனத்துறைக்குச் சொல்லிவிட்டு அவர்கள் வரும்வரை காத்திருப்பதா, கரைக்குக் கொண்டுவந்து மருத்துவரிடம் காட்டுவதா? நான்கு வழிகளுக்கும் உறுதியாகப் பரிந்து பேசுபவர்கள் இருக்கிறார்கள். நான்குமே ஏதோ ஒரு சூழலில் சரியானவை. சூழல் மாறினால் நான்குமே ஆமையின் உயிரைப் பறிக்கக்கூடியவை.

2025 ஜனவரியில் சென்னையிலும் அதை அடுத்த கடற்கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. ஒதுங்கிய உடல்களில் காணப்பட்ட வீங்கிய கழுத்தும் பிதுங்கிய கண்களும், அவை நீருக்கடியில் மூச்சு முட்டி இறந்ததையே சுட்டின. வலைக்குள்ளேயே இறந்த ஆமைகளுக்கு இந்தக் கட்டுரை எந்த உதவியும் செய்ய முடியாது. உயிரோடு மேலே வந்து, அதன் பிறகு தவறாகக் கையாளப்பட்டதால் இறக்கும் ஆமைகளைப் பற்றியே இங்கே பேச விரும்புகிறேன்; அவற்றின் உயிர் படகில் இருப்பவரின் அடுத்த சில நிமிட முடிவைப் பொறுத்தது. என் நிலைப்பாட்டை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். செவுள்வலையிலோ (மீனைச் செவுளில் மாட்டிப் பிடிக்கும் வலை) இழுவைமடியிலோ (படகு இழுத்துச் செல்லும் பை போன்ற வலை) சிக்கிக் களைத்துப்போன ஆமைக்குப் பெரும்பாலும் சரியான வழி, படகில் வைத்துத் தேற விட்டு, அதன் பின் விடுவதுதான். நம் கடலில் பலரும் தயங்குவதும் அந்த வழிக்குத்தான்.

எவற்றை வைத்து முடிவு செய்வது

முதல் அளவுகோல் மூச்சு. கடலாமைக்கு நம்மைப் போலவே நுரையீரல் உண்டு. அமைதியாக இருக்கும்போது அது நீருக்கடியில் நெடுநேரம் தங்கும். வலையில் மாட்டித் துடிக்கும்போது உடலில் உள்ள ஆக்சிஜன் வெகு வேகமாகக் கரைந்து, இரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறிவிடுகிறது. மேலே வந்து சில தடவை மூச்சு விட்டவுடன் ஆமை தெளிந்ததுபோல் தோன்றினாலும், அந்த அமிலம் வடியப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் அடுத்த வலையில் சிக்கினால் முதல்முறை தாங்கிய நேரத்தில் பாதியைக்கூட அதனால் தாங்க முடியாமல் போகலாம். பருவ மாதங்களில் ஒரு வலைக்கும் அடுத்த வலைக்கும் இடையே எவ்வளவு குறைந்த இடைவெளி இருக்கிறது என்பது கடலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது, உடலில் மிஞ்சும் நூல். வலையிலிருந்து ஆமையைப் பிரித்துவிட்டாலும், துடுப்பில் ஒரு சுற்றுத் தங்கூசி (வலை பின்னும் நைலான் நூல்) தங்கிவிட்டால் மீட்பு முடியவில்லை. சாவு சில வாரங்கள் தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவே.

மூன்றாவது, மனிதரின் பாதுகாப்பு. இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை: வலையில் சிக்கிய எந்த விலங்கையும் விடுவிக்க யாரும் நீருக்குள் குதிக்கக் கூடாது. ஆமையின் துடுப்பைச் சுற்றும் அதே நூல் நீந்துபவரின் காலையும் சுற்றும்.

இவற்றுக்குப் பிறகு, கரை எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் கையில் இருக்கிறது, வலையும் டீசலும் சந்தை நேரமும் எவ்வளவு வீணாகும், சட்டம் என்ன சொல்கிறது என்பவை வருகின்றன. சட்டத்தைப் பொறுத்தவரை, இந்தியக் கடலில் காணப்படும் ஐந்து வகைக் கடலாமைகளும், அதாவது பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை ஆகிய அனைத்தும், 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. இந்த அட்டவணையிலுள்ள உயிரினத்தை வேட்டையாடுவதற்கும் பிடிப்பதற்கும் குறைந்தது 3 ஆண்டுச் சிறையும், 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. தற்செயலாகச் சிக்கிய ஆமையை யாருக்கும் சொல்லாமல் கடலில் தள்ளிவிடும் பழக்கத்துக்கு இந்தத் தண்டனை பற்றிய அச்சமே முக்கியக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

வழி 1: நீரிலேயே அறுத்து உடனே விடுதல்

இது விரைவானது, ஆமைக்குக் கையாளப்படும் அதிர்ச்சியும் குறைவு. கரைவலையில் சிக்கிய ஆமைக்கு இதுவே பெரும்பாலும் போதும், ஏனெனில் கரைவலை மெல்ல இழுக்கப்படுவதால் ஆமை இடையிடையே தலையைத் தூக்கி மூச்சு விட்டபடியே கரைக்கு வந்துசேர்கிறது. வலை போட்டுச் சற்று நேரத்திலேயே மேற்பரப்பில் மாட்டி, தலையை உயர்த்தித் துடுப்பை வலுவாக அடித்துக்கொண்டிருக்கும் ஆமைக்கும் இது பொருந்தும். ஏழுவரி ஆமைக்கு வேறு வழியே இல்லை. சில நூறு கிலோ எடையுள்ள அந்த விலங்கை ஃபைபர் படகில் ஏற்ற முயல்வது படகையும் கவிழ்க்கும், ஆமையின் மெல்லிய தோலையும் கிழிக்கும்.

செய்முறை எளிதுதான். இயந்திரத்தை நியூட்ரலில் வைத்து, காற்றுக்கு ஏற்றபடி படகைத் திருப்பி, வலையோடு ஆமையைப் பக்கவாட்டில் அணைத்து, ஓட்டின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் பிடித்துத் தலை நீருக்கு மேல் இருக்குமாறு வைக்க வேண்டும். துடுப்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. தோள் மூட்டு எளிதில் பிசகும். கத்தியின் கூர்முனை எப்போதும் ஆமையின் உடலுக்கு எதிர்ப்புறம் நோக்கியிருக்க வேண்டும். முனை மழுங்கிய கத்தரிக்கோல் ஒன்றைப் படகில் வைத்திருப்பது இதைவிட நல்லது.

மறைந்திருக்கும் செலவு நூலில் இருக்கிறது. தங்கூசி முதலில் இறுகுவது முன்துடுப்பு உடலோடு சேரும் மடிப்பில், கழுத்தை ஒட்டி. ஆமை விடுபடுவதற்காக உருள்கிறது. ஒவ்வொரு உருளலும் நூலில் ஒரு சுற்றைக் கூட்டுகிறது. மேலே இருந்து பார்ப்பவருக்கு ஒரே கண்ணியாகத் தெரிவதைத் துடுப்பைத் திருப்பிப் பார்த்தால், நான்கைந்து சுற்று ஒன்றன்மேல் ஒன்றாக முறுக்கியிருக்கும். சில நாள் ஆன சிக்கலாக இருந்தால் நூல் தோலுக்குள் இறங்கி, இருபுறமும் சதை வீங்கி, நூல் இருக்குமிடம் ஒரு வெளிறிய கோடாக மட்டுமே தெரியும். அலையில் ஆடும் படகின் ஓரத்தில் குனிந்து நிற்பவருக்கு இதைக் காண வாய்ப்பே இல்லை. ஆமை நீந்திப் போய்விடும், பார்த்தவர்களும் மகிழ்வார்கள். நூல் மட்டும் அதனுடனேயே போகும்.

கடலில் மிதந்து திரியும் கைவிடப்பட்ட வலையில் சிக்கிய ஆமையைக் கண்டால் அந்த வலை எவ்வளவு நாள் பழையது, ஆமை எவ்வளவு நேரமாக அதில் கிடக்கிறது என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. அத்தகைய ஆமைக்கு முதல் வழியை நான் பரிந்துரைப்பதில்லை. ஏற்ற முடிந்த எடையாக இருந்தால் ஏற்றிவிட வேண்டும், அந்த வலையையும் சேர்த்து.

வழி 2: படகில் வைத்துத் தேற விட்டு விடுதல்

வளர்ந்த பங்குனி ஆமை பெரும்பாலும் 35 முதல் 45 கிலோ எடை இருக்கும். இருவர் சேர்ந்து ஓட்டைப் பிடித்துத் தூக்கிவிடலாம். தளத்தில் ஏறிய பின் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அது உயிர்ப்போடு இருக்கிறதா, அசைவற்றுக் கிடக்கிறதா?

அசைவற்ற ஆமையை இறந்ததாகக் கருதிக் கடலில் வீசிவிடுவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் மிகப் பெரிய இழப்பு. நீரில் மூச்சடைத்த ஆமை ஆழ்ந்த மயக்கத்துக்குப் போகிறது. மூச்சு பல நிமிடத்துக்கு ஒருமுறை மட்டுமே வரும், அதுவும் கவனித்துப் பார்த்தால்தான் தெரியும். அந்த நிலையில் நீரில் போடப்படும் ஆமை தலையைத் தூக்க முடியாமல் உண்மையிலேயே மூழ்கிச் சாகிறது. உடல் விறைத்திருந்தாலோ, சதை அழுகத் தொடங்கியிருந்தாலோ மட்டுமே அதை இறந்ததாகக் கொள்ள வேண்டும்.

மயங்கிய ஆமைக்கு அமெரிக்க மீன்வளத் துறை தன் படகுகளுக்கு வகுத்திருக்கும் விதியை நம் படகிலும் அப்படியே பின்பற்றலாம். ஆமையை மல்லாத்தக் கூடாது. வயிற்றுப் பக்கம் கீழே இருக்கும்படியே கிடத்த வேண்டும். பின்பகுதியை டயர், கயிற்றுச் சுருள், மீன்பெட்டி என எதன்மீதாவது குறைந்தது 15 செ.மீ. உயர்த்தி வைத்தால், நுரையீரலில் புகுந்த நீர் வாய்வழியே வடியும். அவ்வப்போது ஓட்டின் ஒரு பக்கத்தைச் சற்றே தூக்கி இறக்கி, பிறகு மறுபக்கத்தையும் அவ்வாறே செய்ய வேண்டும். கண்ணிமையையோ வாலையோ மென்மையாகத் தொட்டுப் பார்த்தால் உணர்வு திரும்புகிறதா என்பது தெரியும். நிழலும் ஈரமும் தேவை. ஈரத்துணியை ஓட்டின்மேல் போடலாம், மூக்கை மூடக் கூடாது. இயந்திரத்தின் சூட்டுக்கும் டீசல் கசிவுக்கும் எட்ட இருக்க வேண்டும். இரக்கத்தின் பேரில் நீர் நிரம்பிய தொட்டியில் போடுவது அதைக் கொல்வதற்குச் சமம். இந்த நிலையில் 4 மணி முதல் 24 மணி நேரம் வரை வைத்திருக்கலாம் என்பது அந்த விதி.

நான்கு மணி நேரம் என்றதும் பலரும் பின்வாங்குவதை நான் அறிவேன். எட்டு மீட்டர் நாட்டுப்படகில் வலைக்கும் மீனுக்கும் ஆட்களுக்குமே இடம் போதாது. அதில் ஒரு ஆமைக்கு மூலை ஒதுக்குவது பெரிய விஷயம். ஆனால் உணர்வோடு இருக்கும் ஆமைக்கு இவ்வளவு நேரம் தேவைப்படுவதில்லை. அது தலையைத் தூக்கி ஒழுங்காக மூச்சு விட்டு, தளத்தில் தானே நகர முயன்று, தொட்டால் துடுப்பைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டால் விட்டுவிடலாம். வலை இழுத்து முடியும்வரை ஒரு சாக்கின் நிழலில் கிடந்தாலே பல ஆமைகள் அந்த நிலையை எட்டிவிடும். அந்த இடைவேளையில் துடுப்பின் அடிப்பகுதியையும் கழுத்து மடிப்பையும் வாலருகையும் நிதானமாகப் பார்த்து நூலை முழுவதும் எடுத்துவிட முடிகிறது. முதல் வழியில் கிட்டாத இந்த வாய்ப்புக்காகவே இரண்டாம் வழியை நான் முன்னிறுத்துகிறேன்.

தூண்டில் முள் விஷயத்தில் தனிக் கவனம் வேண்டும். உதட்டிலோ துடுப்பிலோ வெளியே தெரியும் முள்ளை அதன் நுனியை வெட்டி எடுக்கலாம். வாய்க்குள் போய் மறைந்த முள்ளின் நூலை எக்காரணம் கொண்டும் இழுக்கக் கூடாது. முள் உணவுக்குழாயைக் கிழிக்கும், நூல் குடலைச் சுருக்கி அறுக்கும். பின்புறத் துவாரத்திலிருந்து தொங்கும் நூலுக்கும் இதே விதிதான். கடலிலேயே விடப்போகிறீர்கள் என்றால் வாய்க்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் நூலை வெட்ட வேண்டும். மருத்துவரிடம் ஒப்படைக்கப்போகிறீர்கள் என்றால் ஒரு முழ நூலை வெளியே விட்டு ஓட்டில் ஒட்டிவைக்க வேண்டும். முள்ளைத் தேடுபவருக்கு அதுவே வழிகாட்டி.

விடும் இடமும் முக்கியம். வலைகள் இல்லாத பகுதிக்கு நகர்ந்து, இயந்திரத்தை நியூட்ரலில் வைத்து, தலை முன்னோக்கி நழுவவிட்டு, அது படகை விட்டு விலகியதை உறுதி செய்த பிறகே கியர் போட வேண்டும்.

இந்த வழியின் மறைமுகச் செலவுகள் இரண்டு. ஒன்று நேரம், ஐஸ் கரைகிறது, ஏலம் தொடங்கிவிடுகிறது. மற்றொன்று சட்டம் பற்றிய ஐயம். முதல் அட்டவணை உயிரினம் படகில் கிடக்கும்போது ரோந்துப் படகு வந்தால் என்ன சொல்வது என்று கேட்கிறார்கள். ஏற்றியவுடன் நேரம் பதிவாகும் கைப்பேசியில் காணொளி எடுப்பதும், உடனே வனச்சரக அலுவலகத்துக்கோ 1093 என்ற கடலோரக் காவல் எண்ணுக்கோ தகவல் சொல்வதும், விடும்போது மீண்டும் காணொளி எடுப்பதும் போதுமான சான்றாக அமையும் என்பது என் கருத்து. சிக்னல் கிடைக்காத தூரத்தில் வயர்லெஸ் கருவியில் பக்கத்துப் படகுக்குச் சொல்லி வைப்பதும் சான்றுதான்.

வழி 3: வலையோடு பிடித்து வைத்து உதவிக்குக் காத்திருத்தல்

சட்டத்துக்கு அஞ்சுபவர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது இது. ஆமையைப் பொறுத்தவரை நான்கில் மிக மோசமானதும் இதுவே. நீருக்குள் வலையோடு கிடக்கும் ஆமைக்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. அமெரிக்காவில் ஆமை விலக்கிக் கருவி (சிக்கிய ஆமையை வலையிலிருந்து வெளியேற விடும் அமைப்பு) பொருத்தாமல் இறால் பிடிக்க விதிவிலக்குப் பெற்ற மடிகளுக்கு ஒரு இழுப்புக்கு வெப்ப மாதங்களில் 55 நிமிடம், குளிர் மாதங்களில் 75 நிமிடம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் ஆமை இறக்கும் ஆபத்து வேகமாகக் கூடுகிறது என்பதே அதன் பொருள். கரையிலிருந்து ஒரு குழு கிளம்பி வந்துசேர அதைவிட அதிக நேரம் ஆகும்.

குஜராத் இதற்கு நல்ல பாடம் தந்திருக்கிறது. சௌராஷ்டிரக் கடலில் திமிங்கலச் சுறா வேட்டையை நிறுத்த 2004இல் தொடங்கிய இயக்கத்தில் ஆன்மிகச் சொற்பொழிவாளர் மொராரி பாபு அந்தச் சுறாவைப் பிறந்தவீடு வரும் மகளாகப் பேசினார். அந்தப் பேச்சு மீனவர் மனங்களை மாற்றியது. அவர்கள் வலையை அறுத்து விடத் தொடங்கினார்கள். அறுத்த வலைக்கு வனத்துறை ஈடு தந்தது. ஆனால் சிக்கிய சுறாவை அதிகாரிகள் வந்து பார்த்த பிறகுதான் விடுவிக்க வேண்டும் என்ற நடைமுறை அந்த விலங்கின் நேரத்தைத் தின்றது. பின்னர் மீனவர்களிடமே கேமரா கொடுத்து, அவர்களே படமெடுத்து உடனே விடுவித்து, படத்தைச் சான்றாகக் காட்டி ஈடு பெறும் முறை வந்தது. காத்திருப்பு நேரம் பெருமளவு குறைந்தது. நூற்றுக்கணக்கான திமிங்கலச் சுறாக்கள் இவ்வாறு விடுவிக்கப்பட்டுள்ளன. முதலில் விடுவிப்பு, பிறகு அறிக்கை என்ற இந்த வரிசையே நம் ஆமைகளுக்கும் பொருந்தும்.

காத்திருப்பது சரியாகும் ஒரே சூழல், விலங்கு தானாக மேலே வந்து மூச்சு விட முடிகிறது, ஆனால் நம்மால் கையாள முடியாத அளவு பெரியது என்பதுதான். அதைப் பின்னால் திமிங்கிலம் பற்றிச் சொல்லும்போது பார்ப்போம்.

வழி 4: கரைக்குக் கொண்டுவந்து மருத்துவம்

2014இல் ஸ்பெயினின் வலென்சியாவைச் சேர்ந்த கால்நடை மருத்துவர்கள் உள்ளிட்ட குழு வெளியிட்ட ஆய்வு இந்த வழியைப் பற்றிய பார்வையை மாற்றியது. இழுவைமடியிலும் செவுள்வலையிலும் சிக்கிய பெருந்தலை ஆமைகளின் இரத்த நாளங்களிலும் உறுப்புகளிலும் வாயுக் குமிழிகள் இருந்ததை அவர்கள் கண்டறிந்தார்கள். ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வரும் மூழ்காளருக்கு வரும் நோய்தான் அது. ஆமை அமைதியாக மூழ்கி எழும்போது இது நேர்வதில்லை. வலையின் துடிப்பும் கட்டாய ஏற்றமும் சேரும்போது நேர்கிறது. வெளிப்பார்வைக்கு நலமாகத் தோன்றி விடப்பட்ட ஆமை, சில மணி நேரத்திலோ சில நாளிலோ எங்கோ இறந்துபோகக்கூடும். அந்தக் குழு அழுத்த அறையில் ஆக்சிஜன் கொடுத்து ஆமையைக் காப்பாற்றியும் காட்டியது. வலை கிடந்த ஆழம் கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது. ஆழம் குறைந்த பாக் விரிகுடாவில் இந்தக் கவலை குறைவு. சென்னைக்குக் கிழக்கே ஆழ்கடலில் இழுவைமடியில் வந்த ஆமைக்குக் கூடுதல்.

ஆகவே கரை மருத்துவம் தேவைப்படும் அறிகுறிகள் இவை: தேற விட்ட பிறகும் நிமிர முடியாமல் இருப்பது, நீரில் விட்டால் ஒரு பக்கம் சாய்ந்து மிதந்து மூழ்க முடியாமல் தத்தளிப்பது, துடுப்பில் நூல் புதைந்து அதற்கு அப்பால் சதை கறுத்திருப்பது, முள் விழுங்கியிருப்பது, ஓடு உடைந்திருப்பது. சதை கறுத்துவிட்டால் துடுப்பையே எடுக்க வேண்டிவரலாம். அது கொடுமையாகத் தோன்றினாலும், ஒரு முன்துடுப்பை இழந்த ஆமைகள் கடலில் பிழைத்து வாழ்வதுண்டு.

மறைமுகச் செலவு இங்கேதான் அதிகம். கடலாமையை அறிந்த மருத்துவர் எல்லாத் துறைமுகங்களிலும் கிடைப்பதில்லை. சென்னை நீலாங்கரையில் 2002 முதல் இயங்கும் ட்ரீ ஃபவுண்டேஷன் போன்ற, காயமுற்ற ஆமைகளைப் பராமரித்துப் பழகிய அமைப்பு அருகில் இருப்பது ஒன்று. இரண்டு மணி நேரம் ஆட்டோவில் ஆமையை ஏற்றிக்கொண்டு இடம் தேடுவது வேறு. கரையில் கூட்டம் கூடும், கைப்பேசிகள் நீளும், குழந்தைகளை ஓட்டின்மேல் உட்காரவைத்துப் படமெடுப்பவர்களும் இருப்பார்கள். எனவே கரைக்கு வரும் முன்பே வனத்துறையை அழைத்து, எந்த இறங்குதளத்தில் யார் வாங்கிக்கொள்வார்கள் என்பதை உறுதி செய்யாமல் இந்த வழியில் இறங்கக் கூடாது. வீட்டில் வைத்து ஓரிரு நாள் பார்ப்பது எந்த நோக்கத்தில் செய்தாலும் குற்றம்.

ஒரே பார்வையில்

| அளவுகோல் | நீரிலேயே விடுதல் | படகில் தேற விடுதல் | காத்திருத்தல் | கரை மருத்துவம் |
|---|---|---|---|---|
| மயங்கிய ஆமைக்கு | பொருந்தாது | மிகப் பொருத்தம் | ஆபத்து | தேறாவிட்டால் பொருத்தம் |
| நூல் முழுவதும் அகல வாய்ப்பு | குறைவு | நல்லது | இல்லை | மிக நல்லது |
| மீனவருக்கு ஆபத்து | அலை இருந்தால் உண்டு | தூக்கும்போது மட்டும் | குறைவு | குறைவு |
| நேர இழப்பு | சில நிமிடம் | அரை மணி முதல் பல மணி வரை | கணிக்க முடியாது | அன்றைய தொழில் முழுவதும் |
| சட்டச் சான்று | காணொளி | காணொளி, தகவல் | தகவல் | முன்தகவல் கட்டாயம் |
| சிறந்த சூழல் | கரைவலை. ஏழுவரி ஆமை | செவுள்வலை, இழுவைமடி | திமிங்கிலம் | முள், புதைந்த நூல், மிதவைக் கோளாறு |

ஆமை அல்லாத விலங்குகளுக்கு இந்தக் கணக்கு மாறும்

ஆவுளியா என்று பாக் விரிகுடாவில் அழைக்கப்படும் கடற்பசுவுக்கு இரண்டாம் வழி கிடையாது. அது பாலூட்டி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு விட்டே ஆக வேண்டும். படகில் ஏற்றினால் தன் உடல் எடையே அதன் நெஞ்சை அழுத்தும். கண்டவுடன் தலையை நீருக்கு மேல் தாங்கி, வலையை அறுத்து, அங்கேயே விட வேண்டும். தாயோடு குட்டி இருந்தால் இரண்டையும் ஒரே இடத்தில் விட வேண்டும். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் 2022 செப்டம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்டது. ஆவுளியாவை உயிரோடு விட்ட மீனவர்களைத் தமிழ்நாடு வனத்துறை ரொக்கப் பரிசு தந்து பாராட்டியும் வருகிறது. ஓங்கலுக்கும் (டால்பின்) இதே முறைதான். கூடுதலாக, தலையின் மேலுள்ள மூச்சுத்துளைக்குள் நீர் புகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், வாலைக் கட்டி இழுக்கவே கூடாது.

திமிங்கலச் சுறா மீன். மேலே வந்து மூச்சு விடத் தேவையில்லை. அதை நீரிலேயே வைத்து வலையை அறுத்தால் போதும். வாலில் கயிறு கட்டி இழுத்தால் செவுள் வழியே நீர் ஓட்டம் தடைப்பட்டு அது திணறும்.

திமிங்கிலம் முற்றிலும் வேறு. ஆமைக்கு நூல் முழுவதையும் அகற்றச் சொன்னேன்; திமிங்கிலத்தின் பின்னால் இழுபடும் கயிற்றையும் மிதவையையும் மட்டும் அறுத்துவிடக் கூடாது என்கிறேன். உயிரைக் குடிக்கும் சுற்று வாயிலோ முன்துடுப்பிலோ இருக்கும். பின்னால் இழுபடும் கயிறுதான் பயிற்சி பெற்ற குழுவுக்கு அந்த விலங்கைப் பிடித்து நிறுத்தக் கிடைக்கும் ஒரே பிடி. அமெரிக்காவின் பிராவின்ஸ்டவுனில் 1984இல் உருவான முறை இந்தக் கயிற்றில் பெரிய மிதவைகளைக் கட்டித் திமிங்கிலத்தைக் களைப்படையச் செய்து, பிறகு நீண்ட கழியில் பொருத்திய கத்தியால் சுற்றை அறுப்பது. உலகத் திமிங்கிலப் பிடிப்பு ஆணையம் பல நாடுகளில் பயிற்சி தருவதும் இந்த முறையைத்தான். பயிற்சி பெற்றவருக்கும் இதில் உயிராபத்து உண்டு. 2003இல் நியூசிலாந்தின் கைக்கூராவில் டாம் ஸ்மித் நீரில் இறங்கிக் கூனல் திமிங்கிலம் ஒன்றை விடுவிக்க முயன்றபோது இறந்தார். 2017 ஜூலையில் கனடாவின் மீனவரும் அனுபவமிக்க மீட்பருமான ஜோ ஹவ்லட், வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலத்தின் கடைசிக் கயிற்றை அறுத்த மறுகணம் அதன் அடியால் உயிரிழந்தார். அவர் படகில்தான் இருந்தார். நம் கடலில் திமிங்கிலம் சிக்கியிருப்பதைக் கண்டால் செய்ய வேண்டியவை மூன்றே: தொலைவில் நின்று ஜிபிஎஸ் புள்ளியைக் குறிப்பது, படமெடுப்பது, கடலோரக் காவல்படையை 1554இல் அழைத்து வனத்துறைக்கும் சொல்லச் செய்வது. மூன்றாம் வழி சரியாக இருப்பது இங்கேதான்.

வலையின் விலையை யார் ஏற்பது

எந்த வழியைத் தேர்ந்தாலும் அறுபடுவது ஒரு குடும்பத்தின் முதலீடு. எந்த வழி சரி என்று அறிந்த பிறகும் கை தயங்குவதற்குக் காரணம் இதுவே. அந்தத் தயக்கத்தை அறியாமை என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். மகாராஷ்டிரத்தில் 2018 டிசம்பரிலிருந்து பாதுகாக்கப்பட்ட கடல் உயிரினத்தை விடுவிக்க வலையை அறுத்த மீனவருக்கு, படச் சான்றின் பேரில், 25,000 ரூபாய் வரை ஈடு வழங்கப்படுகிறது. பரிசு என்பது பாராட்டு. ஈடு என்பது உரிமை. தமிழ்நாட்டின் எல்லாக் கடலோர மாவட்டங்களிலும், எல்லா முதல் அட்டவணை உயிரினங்களுக்கும், கேட்டவுடன் கிடைக்கும் ஈடு வேண்டும் என்று மீனவர் சங்கங்கள் கோருவது முழுக்க நியாயம்.

அதுவரை சேதத்தைக் குறைக்கும் முறை ஒன்று உண்டு. வலையின் மேல்கயிற்றையும் அடிக்கயிற்றையும் தொடாமல், ஆமையைச் சுற்றிய கண்ணிகளை மட்டும் ஒரே கோட்டில் அறுத்தால் கரைக்கு வந்து பின்னிவிடலாம். அவசரத்தில் மேல்கயிற்றோடு அறுத்தால் முழுத் துண்டும் போகும். அறுத்தெடுத்த நூலைக் கடலில் விடக் கூடாது. அடுத்த ஆமைக்கு அதுவே கண்ணி.

இரண்டு வழிக்கும் நடுவே நிற்கும் நிலை

வாசகர்கள் கேட்பவற்றில் மிகக் கடினமானது இது: பொழுது சாய்கிறது, மடியில் வந்த ஆமை அசையவில்லை, கரை இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கிறது. தேற விடுவதா, கரைக்குப் போவதா? இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும் என்பது என் முடிவு. பின்பகுதியை உயர்த்தி, படகு ஆடும்போது புரளாதபடி இருபுறமும் கயிற்றுச் சுருளை அணைகட்டி, கரை நோக்கிக் கிளம்ப வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை கண்ணிமையைத் தொட்டுப் பார்க்க ஒருவரை நியமிக்க வேண்டும். சிக்னல் கிடைத்தவுடன் வனச்சரகத்தை அழைக்க வேண்டும். வழியில் அது தலையைத் தூக்கி வலுவாக நகரத் தொடங்கினாலும் உடனே விட்டுவிட வேண்டாம். மயக்கத்திலிருந்து மீண்ட ஆமையை இரவில், வலைகள் நிறைந்த கரையோர நீரில் விடுவது முதல் வழியின் தவற்றைத் திரும்பச் செய்வதாகும். வாங்கிக்கொள்ள ஆள் வருவதாக இருந்தால் ஒப்படைக்க வேண்டும். வர முடியாது என்றால், அதைத் தொலைபேசியில் பதிவு செய்துகொண்டு, நிழலும் ஈரமுமான இடத்தில் அதே சாய்வில் இரவு முழுவதும் படகிலேயே வைத்திருந்து, விடிந்ததும் வனத்துறையினர் முன்னிலையில் முடிவெடுக்க வேண்டும். உடல் விறைக்காத வரை அதை இறந்ததாக எழுதக் கூடாது. ஒப்படைக்கும்போது எந்த வலை, எவ்வளவு ஆழம், மடி எத்தனை மணிக்கு இறங்கி எத்தனை மணிக்கு ஏறியது என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், குமிழி நோய்க்குச் சோதிப்பதா, நேரே கடலில் விடுவதா என்பதை மருத்துவர் அங்கேயே தீர்மானிக்க முடியும்.